இரண்டு திறப்பு, ஒரே கை: வன்னிக் கிளையொன்றின் அடகுப் பெட்டகத்தில் நடந்தது

இது 2019இல் வன்னியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்னக் கிளையில் நடந்தது. நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இரண்டு மூன்று விபரங்களையும் மாற்றியிருக்கிறேன், நடந்த ஒழுங்கை மாற்றவில்லை. நான் அப்போது அந்த நிறுவனத்தின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் இருந்தேன். ஆகவே இதில் எங்கள் பிழையும் இருக்கிறது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பின்னணி

கிளையில் ஐந்து பேர். முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் திங்கள் காலைதான் வருவார். ஒரு காசாளர், கடன் பார்க்கும் ஒரு பெடியன், அடகுப் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர், அவருக்கு உதவியாக ஒரு பெண் அலுவலர். அடகு அலுவலர் உள்ளூர்க்காரர், ஆறு வருடமாக அதே கதிரை. சனம் அவரை 'அடவு அண்ணை' என்றுதான் கூப்பிடும். அடகு என்பதை அங்கே அடவு என்றுதான் சொல்வார்கள்.

வன்னியில் அடகு எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. காலபோகத்துக்கு ஐப்பசி கார்த்திகையில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு வேண்டும். அப்போது வீட்டில் இருக்கும் ஒரே சேமிப்பு மனிசியின் கழுத்திலோ கையிலோதான் கிடக்கும். மாசி பங்குனியில் அருவி வெட்டி நெல் விற்றதும் நகை திரும்பி வீட்டுக்குப் போகும். இந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி நிறுவனம் ஆறு மாதத் தவணையில் ஓர் அடகுத் திட்டம் வைத்திருந்தது. வெட்டு சரிவராத வருடம் என்றால் வட்டியைக் கட்டி 'மாத்தி வைப்பார்கள்', அதாவது புதுப்பிப்பார்கள். புதுப்பிப்பது தப்பான காரியம் இல்லை, மழையைப் பொறுத்தது.

இன்னொன்றும் உண்டு. இறுதிப் போர்க்காலத்தில் அடகில் இருந்த நகை அப்படியே போய்விட்ட குடும்பங்கள் அந்தப் பக்கம் பல. நகை திரும்பி வருமா என்ற பயம் அங்கே புதிய பயம் இல்லை. பிறகு நாங்கள் எடுத்த முடிவுகள் சிலதுக்கு இதுதான் காரணம்.

கட்டுப்பாடு என்று காகிதத்தில் இருந்தவை நல்லவைதான். பெட்டகத்துக்கு இரண்டு திறப்பு, ஒன்று அடகு அலுவலரிடம், மற்றது உதவி அலுவலரிடம். நகையை ஒருவர் மதிப்பிட, இன்னொருவர் நிறுத்துப் பார்த்து இருவரும் பொதியின் மேல் கையெழுத்து வைத்து ஒட்ட வேண்டும். புதுப்பிக்க உரியவர் பழைய சீட்டோடு நேரில் வர வேண்டும். திறப்புக் கைமாறினால் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகாமையாளர் முன்னறிவித்தல் இல்லாமல் பொதிகளை எண்ண வேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருந்தது.

திறப்பு கைமாறிய விதம்

2018 தொடக்கத்தில் உதவி அலுவலர் பிரசவ லீவில் போனார். பதில் ஆள் வரவில்லை. அவருடைய திறப்பு விதிப்படி முகாமையாளரிடம் போக வேண்டும், போனது. ஆனால் முகாமையாளர் வெள்ளிக்கிழமை போய்விடுவார், திங்கள் பஸ் பிந்தும், ஒன்பது மணிக்கே சனம் வாசலில் நிற்கும். இரண்டாவது மாதத்திலேயே அந்தத் திறப்பு ஒரு கடித உறைக்குள் போட்டு அடகு அலுவலரின் மேசை லாச்சிக்குள் வந்துவிட்டது. யாரும் களவு செய்ய நினைத்து இதைச் செய்யவில்லை, சனத்தைக் காக்க வைக்கக்கூடாது என்றுதான் செய்தார்கள்.

உதவி அலுவலர் லீவு முடிந்து வந்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்க இடையில் வீட்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. 'நீ போயிற்று வா தங்கச்சி, திறப்பை இங்க வை, நான் பாக்கிறன்' என்று அடகு அலுவலர் சொல்வாராம். பிறகு விசாரணையில் உதவி அலுவலர் சொன்னது: "அண்ணை உதவி செய்யிறார் எண்டுதான் நினைச்சன், திருப்பிக் கேட்டா சந்தேகப்படுற மாதிரி இருக்கும் எண்டு கேக்கேல்லை." இதை நான் பலதரம் யோசித்திருக்கிறேன். வயதில் மூத்தவரிடம் திறப்பைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஊரில் ஒரு நடைமுறை விஷயம் இல்லை, மரியாதை விஷயம். சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த வருடம் ஆவணியில் நாங்கள் வழமையான கணக்காய்வுக்குப் போனோம். இரண்டு திறப்பும் சில நாட்களில் ஒருவரிடம் இருப்பதை எங்கள் ஆள் ஒருவர் கண்டு அறிக்கையில் எழுதியும் விட்டார். கிளையின் பதில் 'ஆளணிப் பற்றாக்குறை, சீர்செய்யப்படும்'. நாங்கள் அதை ஏற்றுக்கொண்டு, 'நடுத்தரம்' என்று தரம் போட்டுக் கோப்பை மூடினோம்.

வங்கித் துறையில் இருப்பவர்களுக்கு பேரிங்ஸ் கதை மனப்பாடம். 1995இல் லண்டனின் பழைய வங்கியொன்று சிங்கப்பூரில் இருந்த ஒரே ஆளால் விழுந்தது, இழப்பு 80 கோடி ஸ்ரேலிங் பவுணுக்கு மேல். வர்த்தகம் செய்வதும் அதன் கணக்கைத் தீர்ப்பதும் அவர் ஒருவர் கையிலேயே இருந்தது. அது ஆபத்து என்று அந்த வங்கியின் உள்ளகக் கணக்காய்வு முந்தின வருடமே, 1994இல், எழுதியிருந்தது. பயிற்சி வகுப்புகளில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வந்துதான் 'நடுத்தரம்' என்று எழுதினோம்.

வெள்ளமும் அதற்குப் பிறகும்

2018 டிசெம்பர் கடைசியில் வன்னியில் பெருவெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் வயலும் வீடும் தண்ணீருக்குள் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலபோகம் பலருக்குப் போய்விட்டது. பங்குனியில் நகை மீட்க வர வேண்டிய சனம் வரவில்லை. சித்திரையில் கிளையின் அறிக்கையில் புதுப்பித்தல் எண்ணிக்கை வழமையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நின்றது. தலைமை அலுவலகத்தில் பார்த்தவர்கள் 'வெள்ளம்தானே' என்று விட்டார்கள். நானும் பார்த்தேன், நானும் விட்டேன்.

தவணை தவறிய அடகு ஒன்றுகூட இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. பயிரே அழிந்த ஒரு பிரதேசத்தில் ஒரு கிளைக்கு மட்டும் நிலுவை ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நிலுவை குறைந்த கிளை என்பதால் எங்கள் இடர் அட்டவணையில் அது 'குறைந்த இடர்' வரிசைக்குப் போனது, அடுத்த கணக்காய்வும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. பிறகு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, ஊரடங்கு, சோதனைச் சாவடிகள். மே மாதம் போகவிருந்த பயணமும் நின்றுபோனது.

2019 ஓகஸ்ட்: ஒரு சங்கிலி

யூன் மாதத்திலிருந்து உலகச் சந்தையில் தங்கம் ஏறத் தொடங்கியது. ஓகஸ்டில் பவுண் விலை ஊரெல்லாம் பேச்சு. விலை ஏறினால் அடகு வைத்தவர்கள் அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் எடுக்க வருவார்கள், அதற்குப் பொதியைப் பிரித்து மறுபடி மதிப்பிட வேண்டும். 2013இல் தங்கம் சடாரென்று விழுந்தபோது அடகு கொடுத்த நிறுவனங்கள் ஆடிப்போனதைப் பார்த்தவர்கள் நாங்கள், விலை இறங்கினால்தான் பூதம் வெளியே வரும் என்று பழகியிருந்தோம். இங்கே விலை ஏறித்தான் வந்தது.

அந்த மாதத்தில் ஒரு நாள் அடகு அலுவலர் நெருங்கிய சொந்தத்தில் ஒரு செத்தவீடு என்று வரவில்லை. பல வருடத்தில் அவர் திடீரென்று எடுத்த முதல் லீவு அதுதான் என்று பிறகு பதிவைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இரண்டு திறப்பையும் வைத்துவிட்டுப் போக வேண்டியதாகிவிட்டது. பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு பெடியனை அனுப்பியிருந்தார்கள்.

அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா சீட்டோடு வந்து, பேத்தியின் படிப்புக்கு இன்னும் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று கேட்டார். சீட்டில் 90,000 ரூபா. கணினியில் 1,25,000 ரூபா, சீட்டு இலக்கமும் வேறு. பெடியன் குழம்பிப்போய் பொதியை எடுத்துப் பிரித்தான். நிறுத்தான், நிறை சரி. அந்த அம்மா சங்கிலியைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தம்பி, இது என்ர இல்லை. என்ர சங்கிலி இப்பிடி மொத்தமில்லை. அதில பத்தர் ஒட்டின இடம் ஒண்டு இருக்கும்."

அவர் கைக்குத் தெரிந்தது சரியான பௌதிகம். 22 கரட் தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 17.5 மடங்குக்கு மேல், செம்பினது 9 மடங்குக்குக் கீழே. செம்பில் முலாம் பூசிய சங்கிலி அதே நிறைக்கு வர வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பருமனாக இருக்க வேண்டும். தராசுக்கு அது தெரியாது.

முதல் நாள் எடுத்த முடிவுகள்

முகாமையாளர் முதலில் செய்தது பிழை. அடகு அலுவலருக்குப் போன் எடுத்து "என்ன அண்ணை இது?" என்று கேட்டார். ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட ஆள், கேட்கத்தான் தோன்றும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓர் அழைப்பில் மற்ற ஆளுக்கு ஓர் இரவு கிடைத்தது. வேறு இடங்களில் அடகு வைத்திருந்த சீட்டுகள் சில அன்றிரவே இல்லாமல் போயின என்பது பிறகு தெரியவந்தது.

இரண்டாவதாக அவர் செய்தது சரி. அந்த அம்மாவை 'நாளைக்கு வாங்கோ' என்று அனுப்பவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நடந்ததை எழுத்தில் எடுத்து, பிரதியொன்றில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். நாலு மணிக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. பெட்டகத்தைப் பூட்டி, கதவின் மேல் காகிதம் ஒட்டி, அவரும் உதவி அலுவலரும் காவலாளியும் கையெழுத்து வைக்கச் சொன்னோம். ஒரு திறப்பு முகாமையாளரிடம், மற்றதைப் பக்கத்துக் கிளை முகாமையாளர் வந்து எடுத்துப் போனார். வவுனியாவிலிருந்து விடியப்புறம் கிளம்பி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில்கூட நிற்காமல் போனோம். சாரதிக்கு அது பெரிய மனக்குறை, தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தைத் தாண்டியதில்லையாம்.

அடுத்த கேள்வி, எத்தனை பொதியைப் பிரிப்பது. பெட்டகத்தில் 412 பொதி. மாதிரிக்கு ஐம்பது எடுத்தால் போதும் என்று தலைமை அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், வேலை நாளில் கூட்டம் சேரக்கூடாது என்பது அவருடைய கவலை. நான் மறுத்தேன். இழப்பு எவ்வளவு என்று மதிப்பிடத்தான் மாதிரி உதவும், ஒரு மனிசிக்கு அவளுடைய தாலிக்கொடி உள்ளே இருக்கிறதா என்று சொல்ல உதவாது. 412ஐயும் பிரிப்பது என்று முடிவானது. வேறு கிளையின் மதிப்பீட்டாளர் ஒருவரும் வெளியிலிருந்து ஒரு பத்தரும் வந்தார்கள். உரைகல்லில் உரைத்து அமிலம் விட்டுப் பார்ப்பது மேற்பரப்பைத்தான் காட்டும், தடித்த முலாம் தப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு நகையையும் காற்றில் ஒருமுறை, தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை நிறுத்தோம், இரண்டையும் ஒப்பிட்டால் அடர்த்தி தெரிந்துவிடும். மெல்லிய வேலைதான், மூன்று நாள் எடுத்தது.

அடகுக் கருமபீடத்தை மூடுவதா என்பதுதான் உண்மையில் கடினமான முடிவு. மூடினால் எண்ணுவது சுகம். ஆனால் கதவு மூடிய செய்தி பரந்தனைத் தாண்டுவதற்குள் கிளைக்கு முன்னால் ஊரே நிற்கும், நிற்பதற்கு அவர்களுக்கு நியாயமும் இருக்கிறது. ஆகவே புதிய அடகையும் புதுப்பித்தலையும் மட்டும் நிறுத்தினோம், மீட்க வருகிறவர்களுக்குத் திறந்தே வைத்தோம். யாராவது சீட்டோடு வந்தால் அந்தப் பொதியை முன்னுக்கு எடுத்து, அவர் கண்ணுக்கு முன்னால் சோதித்துக் கொடுத்தோம். இரண்டாம் நாள் இருபது பேரளவில் வந்தார்கள், மூன்றாம் நாள் ஏழு பேர்.

என்ன கண்டோம்

23 பொதிகள் பிழை. 17இல் அசல் நகை இல்லை, அதே நிறையில் கவரிங். ஆறு பொதிகள் இல்லாத ஆட்களின் பெயரிலோ, பழைய வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தைக் களவாகப் பாவித்தோ போட்டவை. மொத்தம் 31 லட்சத்துக்குக் கொஞ்சம் கூட.

செய்த விதம் இதுதான். வெள்ளத்துக்குப் பிறகு வட்டி கட்ட வழியில்லாமல் நின்ற பெண்களிடம் அடகு அலுவலர் 'நான் பாத்துக்கொள்ளுறன் அக்கா, ஏலத்துக்குப் போக விடமாட்டன்' என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்கள் இல்லாமலேயே கணினியில் கூடுதல் தொகைக்குப் புதுப்பித்து, பழைய வட்டியை அதிலிருந்தே கழித்து, மிச்சத்தை எடுத்திருக்கிறார். அசல் நகையை வெளியே கொண்டுபோய், உறவினர் ஒருவர் மூலமாக வேறு நகரில் அடகு வைத்திருக்கிறார். யாராவது மீட்க வந்தால் 'திறப்பு யாழ்ப்பாணத்தில நிக்குது, நாளைக்கு வாங்கோ' என்பார். இரவோடு இரவாக அந்த நகையை மீட்டுக்கொண்டு வருவார், அதற்கான காசு இன்னொருவரின் நகையிலிருந்து. தவணை தவறாததன் இரகசியம் அதுதான், ஒன்றும் நிலுவையில் நிற்க அவர் விடவில்லை.

ஏன் செய்தார்? அறுவடை இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு எடுத்திருந்தார், வெள்ளத்தில் வெட்டு வேலையே இல்லை, மாதத் தவணை மட்டும் நின்றது. முதல் கள்ளப் பொதி வெள்ளத்துக்கு முந்தியது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளம் அவரை உருவாக்கவில்லை, பெருப்பித்தது.

எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. 'நாளைக்கு வாங்கோ' என்பதைக் காசாளரும் கேட்டார், காவலாளியும் கேட்டார். பிழையான புதுப்பித்தல்களில் முக்கால்வாசி மூன்று மணிக்குப் பிறகு, கருமபீடம் மூடிய நேரத்தில், பதிவாகியிருந்தன. கணினி அதை வைத்திருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. திறப்புப் பதிவேட்டில் கிளை பூட்டியிருந்த ஒரு போயா நாளன்றும் இருவரின் கையெழுத்தும் இருந்தது! மாதக் கடைசியில் மொத்தமாக வைத்த கையெழுத்து. முகாமையாளரின் எண்ணிக்கைத் தாள்களும் அப்படித்தான்.

2018இல் நாங்கள் பொதிகளைச் சோதித்ததும் நினைவுக்கு வந்தது. எந்தப் பொதி என்று நாங்கள்தான் தெரிவு செய்தோம். ஆனால் பட்டியலை முதல் நாள் பின்னேரம் அவரிடம் கொடுத்து, அடுத்த நாள் காலை அவர் எடுத்து வைத்ததைச் சோதித்தோம்.

பின்னர் நடந்தவை

அலுவலர் இடைநிறுத்தப்பட்டார், பொலிஸில் முறைப்பாடு போனது. அவர் மறுக்கவில்லை. கிடைத்த சீட்டுகளைக் கொண்டு நிறுவனம் காசு கட்டி 14 நகைகளை மீட்டது. மிச்சம் மூன்றும் உருக்கப்பட்டுவிட்டன என்று சொல்லப்பட்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் போடுவதா என்ற பேச்சு வந்தபோது, வீட்டுக்கே போவோம் என்றோம். முகாமையாளரும் நானும் ஒரு கிழமை உள் ஒழுங்கைகளில் திரிந்தோம். கோபத்தை எதிர்பார்த்துப் போனோம், பல வீடுகளில் முதல் கேள்வி 'அந்தத் தம்பியின்ர பிள்ளையள் இப்ப என்ன செய்யுதுகள்?' என்பதாக இருந்தது. இருந்தாலும் எல்லோரும் அப்படியில்லை. ஒருவர் எங்களைப் படலைக்குள் விடவில்லை.

காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை முழுதாக ஏற்கவில்லை. இரட்டைத் திறப்பு விதி கடைப்பிடிக்கப்படவில்லை என்பதற்கு எங்கள் சொந்த 2018 அறிக்கையே அவர்களுக்குச் சாட்சியானது. உதவி அலுவலருக்கு எச்சரிக்கைக் கடிதம், முகாமையாளருக்கு இடமாற்றம். உதவி அலுவலருக்குக் கிடைத்த தண்டனை அதிகம், 'ஆளணிப் பற்றாக்குறை' என்ற பதிலை ஏற்றுக்கொண்ட எங்களுக்குக் கிடைத்தது குறைவு என்பது என் அபிப்பிராயம். அதை அறிக்கையிலும் எழுதினேன்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

வங்கி மேற்பார்வைக்கான சர்வதேசக் குழுவான பாசல் குழு 1998இல் வங்கிகளின் உள்ளகக் கட்டுப்பாட்டுக்கு 13 கோட்பாடுகள் வெளியிட்டது. பொறுப்புகளைப் பிரித்து வை என்பது அதில் ஒன்று. ஐந்து பேர் கிளையில், ஒருவர் லீவில், ஒருவர் பஸ்ஸில் என்றால் யாரிடம் பிரிப்பது? இதற்கு நாங்கள் கண்ட வழி, பிரிக்க ஆளில்லாத நாளில் பெட்டகத்தைத் திறக்காமல் விடுவது. இரண்டாவது திறப்புக்காரர் இல்லையென்றால் அன்று அடகு இல்லை என்று வாசலில் பலகை தொங்கும். விற்பனைப் பிரிவு துள்ளியது. முதல் மாதத்தில் மூன்று நாள் தொங்கியது, நாலாம் மாதத்தில் பதில் ஆள் ஒருவரை நிரந்தரமாகத் தந்தார்கள்.

வருடத்தில் தொடர்ச்சியாக இரண்டு கிழமை கட்டாய லீவு. இது வங்கிகளில் பழைய வழக்கம், எங்களிடம் சுற்றறிக்கையிலும் இருந்தது, 'சேவையின் தேவை கருதி' என்ற வசனத்தால் யாரும் எடுப்பதில்லை. அந்த வசனத்தை எடுத்துவிட்டோம்.

நகையைப் படம் பிடித்து, சீட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கிறோம். புதுப்பித்தால் உரியவருக்கு எஸ்எம்எஸ் போகும். ஆனால் தொடங்கியபோதுதான் பார்த்தோம், வாடிக்கையாளர் இலக்கம் என்று பதிந்திருந்தவற்றில் பதினொன்று அதே அலுவலரின் கைபேசி இலக்கங்கள். 'அம்மாட்ட போன் இல்லை, என்ர நம்பரைப் போட்டனான்' என்பது அவருடைய விளக்கம். ஒரே இலக்கம் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் கணினி இப்போது மறுக்கும். போன் இல்லாதவர்களுக்குத் தபால் அட்டை. சிரிக்காதீர்கள், அது போய்ச் சேருகிறது.

எங்கள் பக்கத்தில், நிலுவை மிகக் குறைந்த கிளைக்கும் மிகக் கூடிய கிளைக்கும் ஒரே இடர்ப்புள்ளி கொடுக்கிறோம். பொதிகளை நாங்களே எடுக்கிறோம், பட்டியலைப் பெட்டகத்துக்கு முன்னால் நின்றுதான் திறக்கிறோம்.

இன்னும் சரிவராதது, உருகிப்போன அந்த மூன்று நகைகள். அன்றைய பவுண் விலையும் செய்கூலியும் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது, இரண்டு பேர் வாங்கினார்கள். மூன்றாவது ஒரு தாலிக்கொடி. உரியவர் காசோலையை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார், மூன்றாம் முறை நாங்கள் அனுப்பவில்லை. அந்தக் கோப்பு மூடாமல் கிடக்கிறது.